மெத்தை எடுக்காத கார்த்திகை

எழுதத் தெரியாமல்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சலவைக்குப் போட்ட துணிக்கணக்கும் மளிகைச் சிட்டையும்தான். மறதியும் வந்துவிட்டது. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் வேறொன்று வந்து முன்னால் நிற்கிறது, சொல்ல வந்தது பின்னால் போய்விடுகிறது. எங்கள் லாட்ஜை வாங்கியவர்கள் அதை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்று, அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்று உனக்குத்தான் தெரியும், எழுதி வை என்று என் மகள் சொன்னாள். அவள் சொன்னதற்காக எழுதுகிறேன்.

லாட்ஜு வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் எங்கள் வீடு இருந்தது. கம்பத்திலிருந்து கூடலூர் போகிற ரோட்டை ஒட்டின ஓட்டு வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் திராட்சைப் பந்தல். பெரிய வீடு இல்லை. ஐப்பசி மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும், ஏனத்தை வைத்துவிட்டுத் தள்ளிப் படுப்போம். ஆனாலும் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே இருப்பது நாங்கள் மூன்று பேர் மட்டும்தான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு காலையில் குமுளி மேட்டில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவார். தேக்கடி பார்க்க வருகிறவர்கள் மேலே ரூம் கிடைக்காமல் கீழே வந்து அல்லாடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் வாசலிலும் கார்கள் நிற்கும். தண்ணீர் கேட்பார்கள், படுக்க இடம் கிடைக்குமா என்று கேட்பார்கள். வாசல் தேடி வருகிறவர்களை நாமே அடுத்த ஊருக்கு வழி சொல்லி அனுப்புகிறோம் என்று அவருக்கு ஆற்றாமை. தொண்ணூற்று ஆறில் வீட்டை இடித்துவிட்டு லாட்ஜு கட்டுவது என்று முடிவு செய்தார்.

எனக்கு மனசே இல்லை. நான் ஆட்களோடு பழகத் தெரியாதவள். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன். வந்தவர்களின் காலைப் பார்த்தே இன்னார் என்று கண்டுபிடிப்பேன். அப்படிப்பட்டவள் லாட்ஜில் எப்படி இருப்பேன்? இடிக்கிறதற்கு முன்னால் அவர் வாசலில் குந்தி, ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார்.

"கீழ லாட்ஜு, எட்டு ரூமு. மேல நமக்கு வீடு. அதுக்கு வெளியோடி தனிப் படி. லாட்ஜுக்கு வர்றவன் ஒன் மொகத்தையே பாக்க மாட்டான், போதுமா?"

என் மகள் அப்போது அஞ்சாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தாள். அவர் அவளைக் காட்டி, "நாளைக்கு இவ பிள்ளப்பேறுக்கு வந்து எறங்கும்போது, மாடிப்படி ஏற முடியலன்னு நம்மகிட்டக் கோவிச்சுக்குவா பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதில்தான் சம்மதித்தேன். மகள் வந்து இறங்க ஒரு தாய்வீடு மேலே இருக்கும் என்று நம்பித்தான் கீழே இருந்த வீட்டை இடிக்க விட்டேன்.

எட்டு ரூமும் எழும்பின. மேலே கட்டுவதற்காகத் தூண் கம்பிகளை மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு நீட்டி விட்டார்கள். முகப்புச் சுவரில் கம்பத்துப் பெயிண்டர் ஒருவர் கடல் வரைந்தார். நீலத் தண்ணீர், ஒரு படகு, சாய்ந்த தென்னைமரம். மலையடிவாரத்தில் எதற்குக் கடல் என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, லாட்ஜு என்றால் கடல் இருக்க வேண்டும், அப்போதுதான் சனங்கள் நின்று பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டாராம். நானும் மகளும் கடலையே பார்த்ததில்லை. பெருக்கும்போதெல்லாம் அந்தக் கடல் ஓரத்தில்தான் பெருக்குவேன்.

மேலே வீடு வருகிற வரைக்கும் என்று ஒன்றாம் நம்பர் ரூமில் நாங்கள் தங்கினோம். ஒரு கட்டில், ஒரு பீரோ, சுவரோடு சேர்ந்த ஒரு பாத்ரூம். பின்பக்கம் தகரம் இறக்கி அங்கன அடுப்பு வைத்துக்கொண்டேன்.

மெத்தைக் கதையைச் சொல்ல வேண்டும். போடியில் இலவமரம் வைத்திருந்த அவர் சொந்தக்காரர் மூட்டை மூட்டையாகப் பஞ்சு கொடுத்தார். அதைக் கொட்டை எடுத்து, அடைத்து, தைத்து ஒவ்வொரு ரூமுக்கும் இரண்டு மெத்தை போட்டோம். கைவைத்தால் உள்ளே போகும். வேறு எந்த லாட்ஜிலும் இந்த மாதிரி மெத்தை கிடையாது என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். திறந்த கொஞ்ச நாளில் கார்த்திகை பிறந்தது. தேக்கடிக்காரர்கள் வரவில்லை. சபரிமலைக்குப் போகிற சாமிமார்கள் வேன் வேனாக வந்தார்கள்.

மாலை போட்டவர்கள் மெத்தையில் படுக்க மாட்டார்கள். தலையணைகூட வைக்க மாட்டார்கள். தரையில் பாயையோ துண்டையோ விரித்துப் படுப்பதுதான் விரதம். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். எங்கள் ரோட்டில் போகிற கூட்டத்தில் பாதி அவர்கள்தான் என்பதும் தெரியும். ஆனால் லாட்ஜு கட்டுகிற மும்முரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே அது தோன்றவில்லை. வந்த சாமிமார்கள் மெத்தைகளைச் சுருட்டி வெளியே தாழ்வாரத்தில் வைத்துவிட்டார்கள். சாரல் அடித்தது. நனைந்தால் இலவம்பஞ்சு கட்டி கட்டியாகிவிடும். நானும் அவரும் ஓடி ஓடி இழுத்துவந்து எங்கள் ரூமில் அடுக்கினோம். அவர் மெத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாய் வாங்கக் கம்பம் போனார்.

அன்றைக்குத் தொடங்கியது பிறகு வழக்கமாகிவிட்டது. கார்த்திகை முதல் தேதி மெத்தையெல்லாம் எங்கள் ரூமுக்கு வரும். தை பிறந்து சாமிமார் கூட்டம் ஓய்ந்ததும் வெயிலில் போட்டுத் தட்டி மறுபடியும் ரூமுக்குப் போகும். நடுவில் இருக்கிற நாளெல்லாம் ஒன்றாம் நம்பரில் மெத்தை கூரை வரைக்கும் நிற்கும். ஃபேன் போட முடியாது, இறக்கை இடிக்கும். கால் நீட்ட இடமிருக்காது. நானும் அவரும் கதவு ஓரத்தில் முடங்குவோம். மகள் மெத்தைக்கு மேலே ஏறிக்கொள்வாள். "அம்மா, நம்ம மாடி வீடு கட்டியாச்சு" என்று அங்கிருந்து கூப்பிடுவாள். முதல் வருடம் அதற்குச் சிரித்தோம். பெரிய பெண்ணான பிறகும் அவள் அங்கேதான் படுத்தாள், ஆனால் அதைச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள்.

சாமிமார்கள் நல்லவர்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எங்கள் லாட்ஜு சுத்தம் என்று பேர் எடுத்தது. கவாத்து வெட்டின திராட்சைக் கொடியை அள்ளி வந்து காய வைத்து, பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டபடியே இருப்பேன். விடியும்போது முதல் வேன் வந்தாலும் வெந்நீர் தயாராக இருக்கும். சீசன் முழுவதும் கவிச்சி கிடையாது, வெங்காயம்கூட யோசித்துத்தான் வாங்குவோம். எனக்கு வீட்டுக்குத் தூரமான நாட்களில் பந்தலுக்குள் இருக்கிற மோட்டார் ரூமுக்குப் போய்விடுவேன். அங்கே மண்தரை, மருந்தடிக்கிற டப்பாக்கள், மோட்டார் இரைச்சல். இருந்தாலும் கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டு. அந்த நாட்களில்தான் நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். பிறகு மகளும் என்னோடு அங்கே வந்தாள்.

மற்ற மாதங்களில் யார் யாரோ வந்தார்கள். திராட்சை வாங்க வருகிற மலையாளத்து வியாபாரிகள், ஏலக்காய் ஏலத்துக்கு வருகிறவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆன சோடிகள். விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் நான்தான் துவைத்தேன். மொட்டை மாடிக் கம்பிகளில் கொடி கட்டிக் காயப்போட்டேன். கம்பியில் துரு ஏறி விரிப்பில் கறை பட ஆரம்பித்ததும் கம்பிக்குப் பழைய துணியைச் சுற்றினேன். அதைப் பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்ததும், இந்த வருடம் மேலே ஆரம்பித்துவிடலாம் என்பார். அந்த வருடம் கிணறு வற்றி ஆழப்படுத்த வேண்டியிருக்கும். இல்லையென்றால் பிஞ்சில் மழை விழுந்து திராட்சை போகும். இல்லையென்றால் கக்கூஸ் குழி நிரம்பும். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

கோயில் கொடைக்கு என் தம்பி குடும்பத்தோடு வந்தான். அஞ்சாம் நம்பர் ரூமைக் கொடுத்தோம். கிளம்பும்போது விரிப்பை மடித்து வைத்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். யாரோ ஒரு ஆள் ரூமைக் காலி செய்வது போல இருந்தது. வைத்த பிறகுதான் அவனுக்கே என்னவோ போல ஆகியிருக்க வேண்டும், சாவியை மறுபடி எடுத்து என் கையில் கொடுத்தான். அதற்குப் பிறகு அவன் காலையில் வந்தால் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விடுவான். கடைத்தெருவில் என்னை லாட்ஜுக்காரி என்பார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போயிற்று.

மகள் படிப்பை முடித்ததும் மாப்பிள்ளை பார்த்தோம். லாட்ஜில் வளர்ந்த பெண் என்றதும் சிலர் நேரில் வராமலேயே விட்டுவிட்டார்கள். கம்பத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் நாத்தனார் ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு இடம் சொன்னாள். சேலை வியாபாரம் செய்கிற குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சேதி. அவர்கள் குமுளியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள், போகிற வழிதானே என்று இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்கள். கார்த்திகை மாதம். மாப்பிள்ளையின் தகப்பனார் மாலை போட்டிருந்தார்.

வேன் நின்றது. கறுப்பு வேட்டி, கழுத்தில் மாலை, செருப்பில்லாத கால். என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவர் இரண்டாவது காலைத் தரையில் வைப்பதற்குள் பையை வாங்கிவிடுவார்.

"வாங்க சாமி, வாங்க. வெந்நி காயுது. நாலாம் நம்பரு காலியா இருக்கு, மொத குளிச்சிட்டு வந்துருங்க."

அந்தப் பெரியவர், பெண் வீட்டார் உபசாரம் பலமாக இருக்கிறதே என்று நினைத்திருக்கிறார். போய்க் குளித்தார். சரணம் சொன்னார். விரித்திருந்த பாயில் கொஞ்சம் கட்டையையும் சாய்த்துவிட்டார். நானும் வெறுங்காலைப் பார்த்ததோடு சரி, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தனுப்பினேன். வேனுக்குள் உட்கார்ந்திருந்த பெண்கள், இதென்ன நம்மை யாரும் இறங்கச் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியவர் எழுந்து வெளியே வந்ததும் இவர் ரிஜிஸ்தரை விரித்து வைத்து, வந்தவர்களிடம் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டார். எந்த ஊரு சாமி? ஆண்டிபட்டி. வந்த காரியம்?

பெரியவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொண்ணு பாக்க."

இவர் பேனாவை மூடி வைத்ததை நான் கதவு இடுக்கில் பார்த்தேன். அதற்கப்புறம்தான் ஓட்டம். நாத்தனாருக்குப் போன் பறந்தது. மகள் அப்போது மாடியில் விரிப்பு உதறிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கி வந்தாள். தாழ்வாரத்தில் நின்று, இது லாட்ஜு, வீட்டுக்குப் போவோமா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் விரலை மேலே காட்டி, மேலே கட்டப் போகிறோம் என்றார். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். துணி சுற்றின கம்பியும், கொடியில் சாமிமார்களின் கறுப்பு வேட்டிகளும்தான் தெரிந்தன. இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றாம் நம்பரைக் காட்டினோம். எட்டிப் பார்த்தாள். மெத்தை கூரை வரைக்கும் நின்றது. பெண்ணை உட்கார வைக்க இடமில்லை.

அந்த அம்மாள் திரும்பி என்னிடம்தான் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

"ஏன் மதினி, தலதீவாளிக்கு வந்தா எங்க பையனுக்கு எத்தனாம் நம்பரு ரூமு?"

நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெட்டி தேய்ந்துபோயிருந்தது. பெரியவர்தான் பேசினார்.

"சும்மா இரு. நம்ம ஆருன்னு தெரியாமலே இம்புட்டுக் கவனிச்சிருக்காக. தெரிஞ்சா எம்புட்டுக் கவனிப்பாக?"

அந்த வார்த்தையில்தான் கல்யாணம் முடிவானது. வெந்நீரால் வந்த மாப்பிள்ளை என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். எனக்கு அந்தப் பெரியவர் சொன்னது மறந்தாலும் மறக்கும், அந்த அம்மாள் கேட்டது மறக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. தலைதீபாவளிக்கு வந்தார்கள். எட்டாம் நம்பர் கடைசி ரூம், சன்னலைத் திறந்தால் பந்தல் தெரியும். அதைக் கழுவி, புது விரிப்பு போட்டுக் கொடுத்தோம். மாப்பிள்ளை தங்கமானவர், ஒரு குறை சொல்லவில்லை. பக்கத்து ரூமில் ஆட்கள் சீட்டு விளையாடி விடியவிடியச் சத்தம் போட்டார்கள். கிளம்புகிற அன்று என் மகள் விரிப்பை உருவி, தலையணை உறையைக் கழற்றி, தரையைக் கூட்டி, அடுத்த ஆள் வருவதற்குத் தயார் செய்துவிட்டுத்தான் பையை எடுத்தாள். பழக்கதோஷம். விடு என்று சொன்னேன். அதற்குள் முடித்துவிட்டாள்.

அடுத்த வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்து எட்டாம் நம்பரில் தங்க வைத்தோம். டாக்டரம்மா சொன்ன தேதி மார்கழியில் விழுந்தது. அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நடுச் சீசன். குழந்தை பிறந்தால் தீட்டு. தீட்டு இருக்கிற இடத்தில் சாமிமார்கள் கால் வைக்க மாட்டார்கள். மறைத்து வைத்து அவர்களைத் தங்க வைக்கிற ஆள் இவரும் இல்லை, நானும் இல்லை. அந்தச் சீசனில் வருவதை வைத்துத்தான் வருடம் முழுவதும் தள்ளுவோம்.

நாத்தனார் வந்தாள். அவள் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றாள். கம்பம் என்றால் ஆஸ்பத்திரியும் பக்கம். ஆண்டிபட்டியிலிருந்து சம்பந்தியம்மாளும் போன் செய்து, இடமில்லை என்றால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. யார் பேச்சிலும் தப்பு இல்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, தங்கச்சி வீடும் நம்ம வீடுதானே என்றார். எனக்கு அலுத்துப்போயிருந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்றிருந்தது.

என் மகள்தான் முடித்து வைத்தாள். "எங்க இருந்தா என்னம்மா. நான் என்ன புதுசாவா எடம் மாறுறேன்?"

வயிற்றைத் தாங்கிக்கொண்டு போய்த் துணியை எடுத்து வைத்தாள். எட்டாம் நம்பரைப் பூட்டினாள். சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்துவிட்டு, நாத்தனாரோடு போக வேனுக்காக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்தச் சாவி மேசையில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வேன் பார்க்க ரோட்டுக்குப் போயிருந்தார். அப்போது போன் அடித்தது.

நான் போன் எடுக்க மாட்டேன். முகம் தெரியாத ஆளிடம் என்ன பேசுவது என்று பயம். அத்தனை வருடத்தில் எடுத்ததில்லை. ஐப்பசி கடைசியில் அடிக்கிற போன் யாருடையது என்று எனக்குத் தெரியும். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குருசாமி ஒருவர், முதல் கார்த்திகையிலிருந்து வருகிறவர். பெரிய கூட்டம் அவருடையது. ஒவ்வொரு வருடமும் முன்னாலேயே சொல்லி எல்லா ரூமையும் பிடித்துவிடுவார். அவருக்குச் சரி என்று சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"இந்த வருசம் ரூம் இல்ல சாமி" என்றேன். கத்திவிட்டேனோ என்று பயமாகி, மெதுவாகச் சொன்னேன். "மக பிரசவத்துக்கு வந்திருக்கா."

"நல்லது தாயி" என்றார். "சந்தோசமான சேதி. நாங்க வேற எங்கனயாச்சும் பாத்துக்கிறோம்."

வைத்துவிட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு போய் எட்டாம் நம்பரைத் திறந்தேன். மகளின் பையை உள்ளே வைத்தேன். அவள் வாசலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். "வா, வந்து படு" என்றேன். நாத்தனார்தான், "என்ன மதினி இது, அண்ணனக் கேக்காமலா?" என்றாள். கேட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் வேனோடு வந்தார். சங்கதியைக் கேட்டார். வேன்காரனுக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுப் பந்தலுக்குள் போய்விட்டார். பல நாள் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார், எழுந்து போவார்.

கார்த்திகை முதல் தேதி காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். அவர் பழக்கத்தில் இரண்டாம் நம்பருக்குள் போய் மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வாசற்படி வரை வந்துவிட்டார். அங்கே நின்றார். பிறகு திரும்பிப் போய், அதே கட்டிலில் விரித்து, கையால் நீவி விட்டுவிட்டு வந்தார். வந்து, காப்பி இருக்கிறதா என்று கேட்டார். அதுதான் அவர் பேசின முதல் பேச்சு.

போர்டு விளக்கைப் போடவில்லை. இருந்தாலும் வேன்கள் நின்றன. அவருக்கு வாசலில் நின்று இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். நான்தான் போய்ச் சொன்னேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. காலைப் பார்த்துத்தான் சொன்னேன். புண்ணாகிப்போன வெறுங்கால்களைப் பார்த்து இல்லை என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. ஒரு சாமி சுவரில் இருக்கிற கடலையும் போர்டையும் பார்த்துவிட்டு, இது லாட்ஜுதானே தாயி என்று கேட்டார்.

"இந்த மாசம் வீடு சாமி" என்றேன்.

மார்கழியில் கம்பத்து ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். எட்டாம் நம்பருக்குத்தான் கொண்டுவந்தோம். அதற்கப்புறம் நான் ஓய்ந்து உட்கார்ந்தேன் என்று நினைக்க வேண்டாம். சாமிமார்களுக்குப் போட்ட அதே அண்டாவில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர், பத்தியச் சமையல், சாம்பிராணி, மூத்திரத் துணி. எல்லாரும் மெத்தையில் படுத்தோம். ஒன்றாம் நம்பரில் மார்கழியில் ஃபேன் சுற்றியது, குளிரில் யாருக்கும் அது தேவையாக இல்லை. சம்பந்தியம்மாள் பிள்ளை பார்க்க வந்தாள். ரூம் ரூமாகப் போய்ப் பார்த்தாள், எல்லாம் காலி. எட்டு ரூம் வீடா மதினி உங்களுக்கு என்றாள். கேலியா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவளுக்கு ஏழாம் நம்பரில் மெத்தையைத் தட்டிப் போட்டேன். மூன்று மாதம் கழித்து மகள் ஆண்டிபட்டிக்குக் கிளம்பும்போது ரூமை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். விரிப்பு சுருண்டு கிடந்தது, தரையில் பவுடர். சாவி கதவிலேயே தொங்கியது. நான் அன்று அதைக் கூட்டவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசியில் போன் அடிக்கவில்லை. குருசாமி கூட்டம் லோயர் கேம்ப் பக்கம் வேறு இடம் பழகிக்கொண்டது. ஒரு வருடம் விட்டால் விட்டதுதான், அவர்கள் பழகின இடத்தை மாற்ற மாட்டார்கள். சில்லறையாகச் சில வேன்கள் வந்தன. மெத்தையைப் பாதிதான் எடுத்தோம். ரோட்டில் புதிது புதிதாக லாட்ஜுகள் வந்துவிட்டன, டைல்ஸ் போட்டு, டிவி வைத்து. அவருக்கு முழங்கால் போயிற்று. ஜீப்பை முன்னமே கொடுத்துவிட்டோம். இரண்டாயிரத்துப் பத்தில் லாட்ஜையும் பந்தலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். வாங்கியவர்கள் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். மேலே வீடு வரவில்லை. கம்பிகள் மட்டும் கடைசி வரை நின்றன.

இப்போது கம்பத்தில் வாடகைக்கு இரண்டு அறை வீடு. இரண்டு மெத்தையை மட்டும் கொண்டுவந்தோம், மற்றதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தாயிற்று. மகள் வந்தால் ஒரு அறையில் அவளும் பிள்ளையும், ஒரு அறையில் நாங்கள். நான் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் லாட்ஜு இன்னும் நடந்திருக்குமோ என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் வேன் ஏதாவது நின்றால் மட்டும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார். யாரும் இல்லை, உட்காருங்க என்பேன். உட்கார்ந்துவிடுவார்.

இதில் எத்தனை சரி என்று எனக்கே தெரியவில்லை. பேத்தி பிறந்தது மார்கழி தொடக்கமா நடுவா, தம்பிக்குக் கொடுத்தது அஞ்சாம் நம்பரா ஆறாம் நம்பரா, சுவர்க் கடலில் படகு ஒன்றா இரண்டா, எல்லாம் கலங்கிக் கிடக்கிறது. இடிப்பதற்கு முன்னால் யாராவது அந்தப் பக்கம் போனால் சுவரைப் பார்த்துச் சொல்லுங்கள். மற்றதை என் மகள் படித்துப் பார்த்து, தப்பாக இருப்பதைத் திருத்திக் கொடுக்கட்டும். அன்று சாவியை மேசையில் வைத்தது அவள்தான், அதை மட்டும் நான் மாற்றிச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அதையும் ஒரு தடவை அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.